பன்னிரண்டாம் நம்பர் அறைக்காரர் கேட்டது

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்
நான் சாவி கொடுக்கிற லாட்ஜுக்கு லிஃப்ட் கிடையாது.
ராத்திரி பத்துக்கு மேல் ரிசப்ஷனில்
ஒரு மின்விசிறி, ஒரு கொசுவத்தி, நான்.
பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில்
இங்கிலீஷில் கதை எழுதுகிறேன்.

ஏன் இங்கிலீஷ் என்று யாரும் கேட்டதில்லை.
எழுதுவதே யாருக்கும் தெரியாது.
கேட்டால் சொல்வேன்:
தமிழில் எழுதினால் என் அக்கா படித்துவிடுவாள்.
கதையில் வருவது அவள் வீட்டுக்காரர்.

இங்கிலீஷ் எனக்கு
இருபத்துநாலு மணி நேரச் செக்அவுட் அறை.
சொந்தக்காரர் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
தலையணையில் யாரோ தேய்த்த எண்ணெய் வாசனை.

நேற்று முழுக்கப் பாலாற்றில் மாட்டிக்கொண்டேன்.
பாலத்தில் பஸ் போகிறது,
கீழே மணலும் சீமைக்கருவேலமும்.
அந்தப் பெயருக்கு முன்னால் 'த' போடணுமா?
தண்ணி ஓடாத வருஷங்களில் எடுத்துவிடலாமா?
எங்க ஊரையே 'இல்லாத' வைத்துத்தான் சொல்வார்கள்,
ஆற்றுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று.
வரிசையின் கடைசியில் நானும் நிற்கலாம்
இலக்கணமில்லாத கதைக்காரனாக.

கதை இதுதான்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற ஒருத்தி.
பத்தொன்பது வருஷமாக
வாங்க, உக்காருங்க, எங்க போயிருந்தீங்க.
ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பிரியாணித் தேக்சா அடுப்பிலிருந்து இறங்கியிருக்கிறது,
சங்கிலி அடகுக் கடையில் இருப்பது தெரிந்துவிட்டது,
கதவை அகலத் திறந்து வைத்து
"நீ போ" என்கிறாள்.
அழவில்லை, தட்டை வீசவில்லை.
ரெண்டு சொல்லிலிருந்தும் ஒரு 'ங்க'வை உருவிக்கொண்டாள்,
அவ்வளவுதான்,
வீடு உட்கார்ந்துவிட்டது.

இங்கிலீஷில்
யூ கம். யூ சிட். யூ கோ.
முன்னாலும் யூ, பின்னாலும் யூ.
சாய்த்து எழுதிப் பார்த்தேன்,
காய்ச்சல்காரன் மாதிரி சுவரைப் பிடித்து நின்றது.
'மரியாதையை விட்டு' என்று சேர்த்தேன்,
ஸ்டேஷனில் எழுதித் தந்த புகார் ஆனது.
முன்பகுதி முழுக்க 'சார்' போட்டேன்.
பேங்க் மேனேஜரோடு குடித்தனம் நடத்துகிறாள், பாவம்.

பன்னிரண்டாம் நம்பர்:
நிர்மலேந்து தேப்நாத், சில்சார்.
மனைவி ஆஸ்பத்திரியில், இருபது நாளாக.
"வாட்டர் நோ கமிங்" என்று இறங்கி வந்தார்.
"மோட்டார் ஆன். ஃபைவ் மினிட்ஸ்."
அவருக்கும் அது வாடகை மொழி, எனக்கும்.
அறையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடப் பதிவேட்டைப் புரட்டியவர்
கடைசிப் பக்கத்தில் நின்றார்.
உதடு அசைய அசையப் படித்தார்.
நான் சாவிகளை எண்ணுகிறவன் போல
ஒன்பதை மூன்று தடவை எண்ணினேன்.

'த'வைப் பற்றி மூச்சில்லை.
ஸ்பெல்லிங்கைத் தொடவில்லை.
யூ கோ மேல் விரலை வைத்து,
"பிஃபோர், ஆப்னி?
நௌ, துமி?"

ஏழு வருஷ லாட்ஜ் வங்காளத்தில்
எனக்கு இந்த ரெண்டும் தெரியும்.
தலையாட்டினேன்.
தொண்டையில் ஏதோ.
"மை சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்,
பேர் மாற்றி, ஊர் மாற்றி ஒளித்து வைத்ததை எல்லாம்.

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
துமிக்குக் கீழே அவர்கள் வீட்டில் இன்னொரு படி உண்டாம்,
துய்.
குழந்தைக்கு, நாய்க்குட்டிக்கு, கடவுளுக்கு.
நேற்று ஊசி போட்ட மயக்கத்தில்
அவர் மனைவி அவரைத் துய் என்றாளாம்,
முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை.
"ஆங்கர்? லவ்?" என்று என்னைக் கேட்டார்.
எந்த மொழியிலும் எனக்குத் தெரியவில்லை.

மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி
வழிகிற சத்தம்.
ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம், கொஞ்ச நேரம்.
அப்புறம் நான்தான் ஓடினேன்,
எங்க ஊரில் தண்ணி காசு.

திரும்பி வந்து
சாய்ந்திருந்த எழுத்துகளை
நிமிர்த்தி எழுதினேன்.